பதிவேட்டில் இருந்த வாப்பா

போன மாதம் உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்து அழுதாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒருவரை அங்கன்வாடி வாசலிலேயே உட்காரவைத்துவிட்டாளாம். தெருவே திரண்டு வந்து, "ஒனக்கு ஈவு இரக்கமே கெடையாதா?" என்று கேட்டுவிட்டதாம். "நான் செஞ்சது தப்பா டீச்சர்?" என்றாள். அப்போதைக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிப் போனை வைத்தேன். ஆனால் அவள் கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமில்லை, பயிற்சியை முடித்துவிட்டுப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்கப்போகிற உங்கள் எல்லோருக்கும்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடையநல்லூரில் தறிச்சத்தம் கேட்கிற ஒரு தெருவில் இருபத்தெட்டு வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தேன். இப்போது குத்துக்கல்வலசையில் மகன் வீட்டில், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும், டிவி ரிமோட்டுக்காக மருமகளோடு மல்லுக்கட்டிக்கொண்டும் இருக்கிறேன். கோபக்காரி என்று எனக்கொரு பெயர் உண்டு. அது பொய்யில்லை. ஆனால் பிள்ளைகளிடம் நான் கோபப்பட்டதாக ஒரு ஆள் சொல்ல முடியாது. என் கோபம் எல்லாம் பெரியவர்களிடம்தான்.

பயிற்சியில் உங்களுக்கு எடை பார்க்கவும், உயரம் அளக்கவும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நானும் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். எனக்கு நடந்த பயிற்சியில் ஒரு விதி சொன்னார்கள். பிள்ளையை அழைத்துப்போக வருகிறவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆள் அவர்தானா என்று உறுதிசெய்ய வேண்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும். நல்ல விதிதான். ஒருநாள் நான் அந்த விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். என் சர்வீஸில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

என் பதிவேட்டைப் பற்றி எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மற்ற டீச்சர்களிடம் காட்டுவதற்காக வாங்கிப்போவார்கள். அடித்தல் திருத்தல் இருக்காது. கோடுகூட அளவுகோல் வைத்துத்தான் போடுவேன். எல்லாம் அந்த நோட்டுக்குள் இருக்கிறது என்று நான் நம்பினேன்.

என்னோடு ஒரு உதவியாளர் இருந்தாள். பிள்ளைகள் அவளை ஆயாம்மா என்றுதான் கூப்பிடும். பெயரை எழுதினால் சண்டைக்கு வருவாள், அதனால் நீங்களும் ஆயாம்மா என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சமையல், பாத்திரம், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பாள். எனக்கு நடந்த மாதிரி நீண்ட பயிற்சியெல்லாம் அவளுக்குக் கிடையாது. டீச்சர் நான், உதவியாளர் அவள் என்ற மிதப்பும் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருஷம் எங்கள் மையத்தில் நஸ்ரின் என்று ஒரு பிள்ளை. மூன்றரை வயது. அவள் வாப்பா சாகுலுக்குச் சவூதியில் வேலை. பிள்ளைக்கு நாலு மாதம் ஆனபோது போனவர். எங்கள் மையத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தகப்பன்மார் அப்படித்தான், போனில்தான் இருப்பார்கள். தினமும் சாயங்காலம் சாகுல் வீடியோவில் வருவார். மூக்கைக் கொண்டுவந்து கேமராவில் ஒட்டுவார். நஸ்ரின் திரையில் அந்த மூக்கைப் பிடித்துக் கிள்ளுவாள். "ஐயோ வலிக்கே!" என்று அங்கே அவர் கத்துவார். அவள் உம்மா ஜீனத் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகளின் எடையைப் பதிந்து அனுப்புவதற்கு எனக்குத் துறையில் ஒரு போன் கொடுத்திருந்தார்கள். அது மணி அடித்தால் போதும், நஸ்ரின் ஓடிவந்து திரையைக் கிள்ளிப் பார்ப்பாள். வாப்பா இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவாள்.

ஆனி மாதக் கடைசி. சாரல் பிடித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. காலை பதினொரு மணி இருக்கும், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சாகுல் இறங்கினார். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, செங்கோட்டை வழியாக நேரே வந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜீனத் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி போயிருந்தாள். பெட்டிகளைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு மகளைப் பார்க்க ஓடிவந்துவிட்டார்.

அவருக்குப் பின்னாலேயே தெருவும் வந்துவிட்டது. "டீச்சர், நம்ம சாகுல் வந்துட்டான் பாத்தியளா!" என்று ஆளுக்கொரு பக்கம் கூச்சல். பிள்ளைகள் எல்லாம் மிட்டாய்க்குக் கை நீட்டின. நஸ்ரின் மட்டும் ஆயாம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஏ மக்கா, வாப்பா வந்துருக்கேன். இங்கன வா" என்று சாகுல் மண்டி போட்டுக் கையை விரித்தார். அவள் ஆயாம்மாவின் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பிள்ள வரமாட்டேங்கா டீச்சர்" என்றாள் ஆயாம்மா. "கொஞ்ச நேரம் இருக்கட்டும். இல்லேன்னா அவ உம்மாவுக்கு ஒரு போன் போடுவோம்."

"போன் போட்டுறாதீங்க டீச்சர்" என்று சாகுல் கெஞ்சினார். "ஜீனத் வீட்டுக்கு வரும்போது நான் பிள்ளையத் தூக்கிட்டு வாசல்ல நிக்கணும். அவ மூஞ்சியப் பாக்கணும். மூணு வருசமா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அந்த முகத்தைப் பார்த்து யார் மாட்டேன் என்று சொல்வது? எனக்கே கண் கலங்கிவிட்டது. பதிவேட்டைத் திறந்தேன். தந்தை பெயர் என்ற இடத்தில் என் முத்து முத்தான எழுத்தில் சாகுல் என்று இருந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன், அதுவும் சரி. கையெழுத்து வாங்கினேன். தெருவே சாட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆயாம்மா மறுபடியும் என் காதோரம் வந்து, "டீச்சர், பிள்ள காலப் பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். நஸ்ரினின் இரண்டு கால் விரல்களும் தரையைப் பிறாண்டுகிற மாதிரி மடங்கியிருந்தன. பார்த்தேன், ஆனால் அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "கூச்சம்டி. வண்டியில ஏறுனா சரியாயிரும். பெத்த தகப்பன்ட்ட பிள்ளையக் குடுக்க மாட்டேன்னு சொல்லச் சொல்லுதியா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பிள்ளையை நானே தூக்கினேன். அவள் கத்தக் கத்த, என் கையாலேயே காரில் உட்காரவைத்தேன். தெரு கை தட்டியது.

கார் போன பிறகு ஆயாம்மா சாம்பாருக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள். அவள் நறுக்குகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் துறை போன் அடித்தது. தெரியாத நம்பர். குற்றாலத்தில், ஐந்தருவிப் பக்கம் சீசனுக்குப் போட்டிருக்கும் காவல் உதவி மையத்திலிருந்து ஒரு பெண் போலீஸ் பேசினார். "பிள்ள பையில உங்க நம்பர் ஒட்டியிருக்கு. நஸ்ரின்னு ஒரு பிள்ளைய யார்ட்டயாவது அனுப்புனீங்களா?" என்றார்.

காரில் பிள்ளை அழுகையை நிறுத்தவே இல்லையாம். தண்ணீரைப் பார்த்தால் சிரிப்பாள் என்று சாகுல் வண்டியைக் குற்றாலத்துக்கு விடச் சொல்லியிருக்கிறார். அங்கே கூட்டத்துக்கு நடுவில் அவள் அவர் கையை உதறிவிட்டு, "இது எங்க வாப்பா இல்ல!" என்று வீறிட்டிருக்கிறாள். அப்புறம் கேட்க வேண்டுமா? பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்து நாலு பேர் வளைத்துக்கொண்டார்கள். "யாருலே நீ?" என்று ஒருவர் சட்டையைப் பிடிக்க, இன்னொருவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். போலீஸ் வந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவர் கதி என்ன ஆகியிருக்குமோ. பாஸ்போர்ட்டைப் போகிற வழியில் பக்கத்து வீட்டில் பெட்டியோடு வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளூர் சிம்மும் இல்லை. ஜீனத்தின் நம்பரைக் கொடுத்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குள் இருந்ததால் அவள் எடுக்கவில்லை.

"அவரு அப்பாதான். நான்தான் அனுப்புனேன்" என்றேன்.

"சரிம்மா, நம்புறேன். ஆனா பிள்ள இப்படிக் கத்துறப்ப நான் எப்படி அவர் கையில குடுக்க? பிள்ளைக்குத் தெரிஞ்ச ஆளு யாராவது வாங்க" என்றார் அவர். நான் பார்த்த பாஸ்போர்ட்டை அவர் பார்க்கவில்லை, நான் எழுதிய பதிவேட்டையும் பார்க்கவில்லை. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

பிள்ளைக்குத் தெரிந்த ஆள் யார்? நான்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. கத்தக் கத்தத் தூக்கிக் காரில் வைத்தவளிடம் அவள் எப்படி வருவாள்? ஆயாம்மாதான் வர வேண்டும். அதற்காக மற்றப் பதினெட்டுப் பிள்ளைகளைத் தெருப் பெண்களிடம் விட்டுப்போக எனக்கு மனசு வரவில்லை. ஒரு தப்பை மூட இன்னொரு தப்புச் செய்யக் கூடாது என்கிற புத்தி அப்போதாவது வந்தது. அடுத்த தெரு அங்கன்வாடி டீச்சரை வரவழைத்து, அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இருவரும் ஆட்டோ ஏறினோம். அவள் வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. அவ்வளவு நீளமான இருபது நிமிஷம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது.

ஆட்டோவிலிருந்து ஜீனத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். இலத்தூர் விலக்கு வரும்போது எடுத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா டீச்சர்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கிருந்து பஸ் ஏறுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அவள் வந்து சேர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும்.

உதவி மையத்தில் நஸ்ரின் அந்தப் பெண் போலீஸின் மடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் நேந்திரங்காய் சிப்ஸ், சாப்பிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சாகுல் ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். புதுச் சட்டை, மகளைப் பார்க்கவென்று போட்டுவந்தது, பை கிழிந்து தொங்கியது. கன்னத்தில் விரல் தடம். ஆயாம்மாவைப் பார்த்ததும் நஸ்ரின் ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடிச்சது வலிக்கல டீச்சர்" என்றார் சாகுல். "எம்பிள்ளைக்கு என்னத் தெரியலியே. நான் யாருக்காக அங்கன கெடந்தேன்?" அந்தப் பெரிய ஆள் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மன்னிப்புக் கேட்டேன்.

ஆயாம்மா பிள்ளையிடம் குனிந்து, "ஏட்டி, ஒங்க வாப்பா எங்கன இருக்காவ?" என்று கேட்டாள்.

"போன்ல இருக்காவ" என்றாள் நஸ்ரின். அதிலென்ன சந்தேகம் என்கிற மாதிரி.

ஆயாம்மா நிமிர்ந்தாள். "அண்ணே, நீங்க எந்திச்சு வெளிய போங்க. அந்தச் சுவத்துக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு டீச்சர் போனுக்கு வீடியோவுல வாங்க."

பெண் போலீஸ் தன் போனைக் கொடுத்தார். சாகுல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். பிள்ளைகளின் எடையைப் பதியக் கொடுத்த அரசாங்கப் போன் என் கையில் அடித்தது. சொந்த விஷயத்துக்கு அதை எடுக்கக் கூடாது என்பது விதி. எடுத்தேன்.

திரையில் அந்த முகம் வந்ததும் நஸ்ரின் துள்ளினாள். "வாப்பா!" மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்து திரையை அடைத்தது. அவள் கிள்ளினாள். "ஐயோ வலிக்கே!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. போனிலும் வந்தது. அவள் போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். மறுபடி கிள்ளினாள். மறுபடி இரண்டு பக்கமும் சத்தம்.

"மெதுவா வாசலுக்கு வாங்கண்ணே. உள்ள வராதீங்க, கிட்ட வராதீங்க. அங்கனயே உக்காருங்க" என்றாள் ஆயாம்மா. சாகுல் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடியே வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தார். நான் இந்தத் தடவை பிள்ளையின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மடங்கியிருந்தன. பிறகு விரிந்தன. இரண்டடி வைத்தாள். திரும்பி வந்து ஆயாம்மாவைத் தொட்டுவிட்டு மறுபடி போனாள். எவ்வளவு நேரம் ஆனதென்று நான் பார்க்கவில்லை. கடைசியில் அவர் முன்னால் போய் நின்று, கையை நீட்டி மூக்கைப் பிடித்துக் கிள்ளினாள்.

"ஐயோ வலிக்கே" என்றார் அவர். கண்ணிலிருந்து கொட்டுகிறது.

"வெளிய வந்துட்டியளா வாப்பா?" என்று கேட்டாள் நஸ்ரின்.

அந்தப் பெண் போலீஸ் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். நான் மறைக்கக்கூட இல்லை.

ஜீனத் வந்து சேர்ந்தபோது, சாகுல் நினைத்த மாதிரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அவர் வீட்டு வாசல் இல்லை, போலீஸ் வாசல். சட்டையும் கிழிந்திருந்தது. மூன்று வருஷமாக நினைத்து வைத்திருந்ததை நான் இப்படி ஆக்கிவிட்டேன். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு ஒரு நாளும் அதை எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. அவர்கள் நல்லவர்கள் என்பதால் என் தப்பு சின்னதாகிவிடாது.

மேற்பார்வையாளரிடம் நானே போய்ச் சொன்னேன். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். உட்கார்ந்து எழுதினால், எந்த விதியை மீறினேன் என்று எழுதவே முடியவில்லை. பெயர் சரி, ஆள் சரி, கையெழுத்துச் சரி. கடைசியில், "பிள்ளையைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோணலாக இருந்தது.

நஸ்ரின் பதினோரு நாள் என்னிடம் வரவில்லை. பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் ஆயாம்மாவைப் பார்த்துத்தான் பாடுவாள். பன்னிரண்டாம் நாள் செருப்பு வாரை மாட்டிவிடச் சொல்லி என் முன்னால் காலை நீட்டினாள். எத்தனையோ அதிகாரிகள் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தக் காலுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் வந்தது. அழைத்துப்போக வருகிறவர் யாராக இருந்தாலும் படிக்கு வெளியே நிற்க வேண்டும். பிள்ளை தன் காலால் நடந்து போக வேண்டும். நாங்கள் தூக்கிக் கொடுக்க மாட்டோம். நடக்கவில்லை என்றால் வந்தவர் உட்கார்ந்து காத்திருப்பார், நாங்கள் வீட்டுக்குப் போன் போடுவோம். பதிவேடும் பார்ப்போம், அதை விடச் சொல்லவில்லை. பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்து காலையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது போன மாதம் அழுத பெண்ணுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற அதே மையத்தில்தான் அவள் இப்போது டீச்சர். ஆயாம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வழக்கத்தை ஆயாம்மாவிடமிருந்துதான் இந்தப் பெண் படித்திருக்கிறாள். அம்மா, நீ வாசலில் உட்காரவைத்தாயே, தெரு உன்னைத் திட்டியதே, அந்த மனுஷன் வேறு யாருமில்லை, சாகுல்தான். நஸ்ரின் இப்போது ஆறாம் வகுப்பு. அவள் தம்பி கைப்பிள்ளையாக இருந்தபோது போனவர், அவனுக்கு மூன்று வயதான பிறகு வந்திருக்கிறார். உன்னிடம் அவர் பழைய கதை எதுவும் சொல்லவில்லை, பேசாமல் உட்கார்ந்துகொண்டார். நீ போன் வைத்த மறுநாள் எனக்கு அவர் போன் செய்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்.

"டீச்சர், புது டீச்சர் என்ன முக்கா மணி நேரம் படியில உக்கார வச்சுட்டாவ. தெருக்காரவதான் அவியள ஏசுதாவ, எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு அவியகிட்ட சொல்லிருங்க. அன்னிக்கு முட்ட போடுத நாளு. தம்பி என்னையவே பாத்துக்கிட்டுச் சாப்ட்டுக்கிட்டு இருந்தான். நானும் கூப்பிடவே இல்ல. பொறவு அவனே எந்திச்சு, முட்டையப் பாதி பிச்சு எடுத்துக்கிட்டு நடந்து வந்து, எனக்கு ஊட்டி விட்டான் டீச்சர்."